ஓராண்டின் முத்திரையா, பல ஆண்டுகளின் கலவையா?

தமிழில் 'கலவை' என்ற சொல்லுக்குப் பக்கத்து வீடு 'கலப்படம்'. அதனால்தானோ என்னவோ, பல ஆண்டுகளின் விளைச்சலை ஒன்றாக்கிச் செய்த சிவப்பு ஒயின் என்று கேட்டதும், விலை போகாத மிச்சத்தையெல்லாம் ஒரே தொட்டியில் ஊற்றிவிட்டார்களோ என்ற ஐயம் முதலில் எழுகிறது. இந்த ஐயம் நம் மொழிக்கு மட்டும் உரியதன்று. உயர்விலைச் சிவப்பு ஒயினை வாங்குபவர்கள் எங்கும் பாட்டிலின் முகப்பில் முதலில் தேடுவது அறுவடை ஆண்டைத்தான். நுரைக்கும் பிரெஞ்சு ஒயினான ஷாம்பெயினில் நிலைமை நேர்மாறானது. குரூக் நிறுவனத்தின் கிராண்ட் கூவே பத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளைச் சேர்ந்த நூற்றுக்கும் அதிகமான ஒயின்களைக் கொண்டு அமைக்கப்படுகிறது. லொரான்-பெரியே நிறுவனத்தின் கிராண்ட் சியெக்ல் 1952, 1953, 1955 ஆகிய மூன்று ஆண்டுகளின் கலவையாகத் தொடங்கி, இன்றும் மூன்று ஆண்டுகள் என்ற அதே விதியில் நடக்கிறது. இவற்றை யாரும் மிச்சம் மீதி என்று சொல்வதில்லை.

நிலவறையில் நான்கைந்து நல்ல ஆண்டுகளின் ஒயின் இருக்கிறது. தன் பெயரைச் சொல்லும்படியான, உச்ச விலைக்குரிய ஒரு சிவப்பு ஒயினை வெளியிட ஓர் ஆலை விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. ஓராண்டு விளைச்சலை மட்டும் கொண்டு செய்யலாம். ஆண்டின் பெயரை வைத்துக்கொண்டே, சட்டம் விடும் இடைவெளியில் வேறோர் ஆண்டைச் சிறிதளவு சேர்க்கலாம். ஆண்டுதோறும் எடுத்து, ஆண்டுதோறும் நிரப்பும் நிரந்தரக் கையிருப்பு ஒன்றை நடத்தலாம். அல்லது தேர்ந்தெடுத்த சில ஆண்டுகளை ஒரே முறை கலந்து, அதோடு அந்தக் கலவையை முடித்துக்கொள்ளலாம். நான்கும் ஒரே கேள்விக்கான விடைகள்போலத் தோன்றினாலும், ஒவ்வொன்றும் வேறொரு குறையைத் தீர்க்க வந்தது என்பதே இந்த ஒப்பீட்டில் முதலில் தெளிவாக வேண்டியது.

ஓராண்டு ஒயினும் கலவைதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிரான்சின் போர்தோ வட்டாரத்துப் பெரும் பண்ணைகள் கேபர்னே சாவிஞான், மெர்லோ, கேபர்னே ஃபிரான்க் ஆகிய திராட்சை வகைகளைத் தனித்தனியே நொதிக்கவைத்து, பின்னர் எந்தத் தொகுதி எவ்வளவு என்று பங்கிட்டுச் சேர்க்கின்றன. அங்கே மாறாமல் நிற்பது ஆண்டு ஒன்றே. அதன் பலம் இரண்டு. ஒன்று, அந்த ஆண்டின் வெயிலும் மழையும் ஒயினில் படிந்திருப்பதால், இருபது ஆண்டு கழித்துத் திறப்பவருக்கு அது ஒரு சாட்சியமாகிறது. மற்றொன்று வணிகம்: ஏலக்கூடங்களும் சேகரிப்பாளர்களும் ஆண்டை வைத்தே விலை பேசுகிறார்கள், எப்போது திறக்கலாம் என்ற கணக்கும் ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறது. பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. 1991, 2017, 2021 ஆகிய ஆண்டுகளின் வசந்தத்தில் போர்தோவில் விழுந்த உறைபனி தளிர்களைக் கருக்கியது. 2020இல் கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் பரவிய காட்டுத்தீயின் புகை திராட்சைத் தோலில் ஏறியதால், பல ஆலைகள் அவ்வாண்டு தம் உயர்தரச் சிவப்பு ஒயினையே கைவிட்டன. புகையின் கூறுகள் சர்க்கரையோடு பிணைந்து பழத்தில் ஒளிந்திருக்கும். நொதித்தலின்போதும் பாட்டிலில் காலம் செல்லச் செல்லவும் அவிழ்ந்து வெளிப்படும். அப்படிப்பட்ட ஆண்டில் ஓராண்டு ஒயினை நம்பியிருப்பவர் தரம் குறைந்ததை வெளியிட வேண்டும், அல்லது வெறுங்கையோடு இருக்க வேண்டும். இனிப்பு வெள்ளை ஒயினுக்குப் பெயர்போன ஷாத்தோ திகெம் 1992இலும் 2012இலும் தன் பெயரில் எதையும் வெளியிடவில்லை. அத்தகைய மௌனத்தைத் தாங்கக்கூடிய கருவூலம் எல்லாரிடமும் இருப்பதில்லை.

இரண்டாவது வழி சட்டத்தின் விளிம்பில் நடப்பது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஆஸ்திரேலியாவிலும் அறுவடை ஆண்டை முகப்பில் அச்சிட 85 சதவீத ஒயின் அந்த ஆண்டுக்குரியதாக இருந்தால் போதும். அமெரிக்காவில், நாபா பள்ளத்தாக்கு போன்ற அங்கீகரிக்கப்பட்ட திராட்சை வட்டாரத்தின் பெயரைப் போடுவதானால் 95 சதவீதம் வேண்டும். மாநிலம் அல்லது மாவட்ட அளவிலான பெயருக்கு 85 சதவீதம் போதும். பீப்பாயில் ஆவியாகிக் குறைந்த இடத்தை அடுத்த ஆண்டின் ஒயினால் நிரப்புவதற்கும், மழையில் நனைந்து மெலிந்துபோன ஓராண்டின் ஒயினுக்கு, முந்தைய ஆண்டின் திடத்தைக் கொஞ்சம் கடன் கொடுப்பதற்கும் இந்த விதி கைகொடுக்கிறது. அன்றாடத் தரத்து ஒயினுக்கு இதில் குறை காண எனக்கு மனமில்லை. உச்ச விலை ஒயினுக்கோ இதைப் பரிந்துரைக்க மாட்டேன். வாங்குபவர் எதற்காகப் பணம் தருகிறாரோ, அந்த ஒன்றையே அரைகுறையாக்கி, அதைச் சொல்லாமலும் விடும் ஏற்பாடு இது.

மூன்றாவதான நிரந்தரக் கையிருப்பு, கேட்க மிக அழகானது. சாராயம் சேர்த்த ஸ்பானிய ஒயினான ஷெர்ரியின் சொலேரா முறைதான் இதற்கு மூலம். அடுக்கடுக்காக வைத்த பீப்பாய்களில் கீழ் அடுக்கிலிருந்து ஒரு பங்கை எடுத்து விற்பனைக்கு அனுப்பி, அந்தக் குறையை மேலடுக்கிலிருந்து நிரப்பிக்கொண்டே வருவார்கள். எடுத்தாலும் குறையாத அட்சய பாத்திரம் போன்ற இந்தக் கற்பனை விளம்பரத்துக்கு நன்றாக உதவும். கணக்கோ அவ்வளவு தாராளமானதன்று. ஒரே தொட்டியில் ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கை எடுத்துப் புது ஒயினால் நிரப்பினால், எத்தனை ஆண்டு ஓடினாலும் எடுக்கும் ஒயினின் சராசரி வயது மூன்றாண்டைத் தாண்டாது. பத்தாம் முறை நிரப்பி முடிக்கும்போது, முதல் ஆண்டின் ஒயின் அதில் இரண்டு சதவீதம்கூட இராது.

இதைவிடப் பெரிய தடை வேதியியலில் இருக்கிறது. ஷெர்ரியைக் காப்பது சேர்க்கப்பட்ட சாராயம். ஃபினோ வகையில் மேலே படரும் ஈஸ்ட் படலமும் துணைக்கு நிற்கிறது. ஒலோரோசோ வகையில் காற்று பட்டு மாறுவதுதான் சுவையே. ஷாம்பெயினின் கையிருப்பு ஒயின்களைக் காப்பது அவற்றின் கடும் புளிப்பு. போலாஞ்ஜே நிறுவனம் தன் கையிருப்பை ஒன்றரை லிட்டர் மேக்னம் பாட்டில்களிலேயே கார்க் போட்டு வைக்கிறது. கலந்த பிறகு பாட்டிலுக்குள் நடக்கும் இரண்டாம் நொதித்தல் எல்லாவற்றுக்கும் புத்துயிர் தருகிறது. சாராயம் சேர்க்காத, இனிப்பற்ற சிவப்பு ஒயினுக்கு இந்தக் கவசங்களில் எதுவும் கிடையாது. அதன் பி.எச் அளவு (இந்த எண் ஏற ஏறப் புளிப்பு குறைவு) பெரும்பாலும் 3.5க்கும் 3.9க்கும் இடையில் நிற்கிறது. ஒயினைக் காக்கும் சல்பர் டை ஆக்சைடில் உண்மையில் வேலை செய்யும் பகுதி பி.எச் ஏற ஏறச் சுருங்குகிறது, 3.2 உள்ள ஒயினுக்கு லிட்டருக்குச் சுமார் 20 மில்லிகிராம் தரும் பாதுகாப்பை, 3.8 உள்ள ஒயினில் பெற ஏறக்குறைய 80 மில்லிகிராம் வேண்டும். அவ்வளவு சேர்த்தால் மணம் மங்கும். சேர்க்காவிட்டால் அசிட்டிக் பாக்டீரியாவும், குதிரை லாயத்தின் வாடையைக் கொண்டுவரும் பிரெட்டனோமைசிஸ் ஈஸ்ட்டும் குடியேறும். நிரந்தரக் கையிருப்பில் ஒருமுறை புகுந்த தொற்று அடுத்தடுத்த எல்லா ஆண்டுகளுக்கும் சொத்தாகப் போய்ச் சேரும். முழுவதும் காலி செய்து கழுவும் நாள் அந்தத் தொட்டிக்கு வருவதே இல்லை என்பதால், உச்சத் தரச் சிவப்பு ஒயினுக்கு இந்த வழியை நான் ஒதுக்கியே வைப்பேன்.

மிஞ்சுவது நான்காவது வழி. இதற்கு முன்னோடி ஸ்பெயினின் ரிபேரா தெல் துவேரோ பகுதியில் 1864இல் தொடங்கிய வேகா சிசிலியா. அதன் பெருமைக்குரிய ஊனிக்கோ, டெம்ப்ரனில்லோ திராட்சையைப் பெரும்பங்காகவும் கேபர்னே சாவிஞானைத் துணையாகவும் கொண்டு, அறுவடைக்குப் பத்தாண்டு அளவில் வெளிவரும் ஓராண்டு ஒயின். அதே ஆலை, வழக்கமாக மூன்று நல்ல ஆண்டுகளின் ஊனிக்கோவைச் சேர்த்து ரெசெர்வா எஸ்பெசியால் என்ற பெயரில் மற்றொன்றையும் வெளியிடுகிறது. கலவைக்குள் போவது ஒதுக்கப்பட்ட ஒயினன்று, தனியாகவே உச்ச விலைக்கு விற்கக்கூடியது என்பதை வாங்குபவர் அறிவார். அந்த அறிவுதான் ஆண்டு முத்திரையின் இடத்தை நிரப்புகிறது.

ஆஸ்திரேலியாவின் பென்ஃபோல்ட்ஸ் நிறுவனம் இதே எண்ணத்தை இன்னும் வெளிப்படையாகச் செய்தது. அதன் ஒயின் வல்லுநர் மாக்ஸ் ஷுபர்ட் 1951இல் சோதனையாகத் தொடங்கிய கிரேஞ்ச், ஆண்டு தவறாமல் வந்துகொண்டிருக்கும் ஷிராஸ் திராட்சை ஒயின். 1957இல் நிர்வாகம் நிறுத்தச் சொன்னபோதும் அவர் மூன்று ஆண்டுகள் மறைவாகச் செய்து வைத்தார் என்பது பலரும் அறிந்த வரலாறு. 2017இல் அந்நிறுவனம் 2008, 2012, 2014 ஆகிய மூன்று கிரேஞ்சுகளைக் கலந்து ஜி3 என்று வெளியிட்டது. பாட்டில் ஒன்று 3,000 ஆஸ்திரேலிய டாலர். அதே காலத்தில் வந்த ஓராண்டு கிரேஞ்சின் வெளியீட்டு விலை 1,000 டாலரைக்கூடத் தொடவில்லை. மொத்தம் 1,200 பாட்டில்கள். அது 900 லிட்டர். 225 லிட்டர் பீப்பாய்க் கணக்கில் நான்கே நான்கு. பின்னர் 2002, 2004, 2008, 2016 சேர்ந்த ஜி4, 2010 முதல் 2018 வரை ஓராண்டு விட்டு ஓராண்டாக ஐந்து ஆண்டுகள் சேர்ந்த ஜி5 ஆகியவை வந்தன. விலையில் பெரும்பங்கு அரிதாகக் கிடைப்பதற்கும் பேச்சுக்கும் உரியது என்று சொல்பவர்களை நான் மறுக்கமாட்டேன். ஆயினும் ஆண்டு எண் இல்லாத சிவப்பு ஒயின், ஆண்டு எண் உள்ள தன் உடன்பிறப்பைவிட மூன்று மடங்கு விலைக்குப் போகும் என்பதை அது காட்டியது.

அதே நுட்பம் வேறு நோக்கத்தோடும் பயன்படுவதை இங்கே சொல்லியாக வேண்டும். நாபாவின் ஓபஸ் ஒன் ஆலை, தன் முதன்மை ஒயினில் சேராத தொகுதிகளைப் பல ஆண்டுகளிலிருந்து கலந்து ஓவர்ச்சர் என்று குறைந்த விலையில் தருகிறது. அதே பள்ளத்தாக்கின் ஸ்பிரிங் மலையிலுள்ள கெய்ன் ஆலை இரண்டு ஆண்டுகளைச் சேர்த்து கெய்ன் கூவே செய்தது. இரண்டும் நாணயமான ஒயின்கள். ஆனால் மதிப்பேணியில் அவை முதன்மை ஒயினுக்குக் கீழ்ப்படியில் நிற்கின்றன. கலவை மேலே போகுமா கீழே போகுமா என்பதைத் தீர்மானிப்பது கலக்கும் முறையைக் காட்டிலும், அதற்குள் எதைக் கொடுக்க ஆலைக்கு மனம் வருகிறது என்பதே.

ஏன் கலக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை மேசைமேல் கிடைக்கிறது. நூறு மில்லிலிட்டர் அளவுக்குழாய் ஒன்று, பத்து மில்லிலிட்டர் பிப்பெட் ஒன்று, ஒரே வடிவக் கண்ணாடிக் கோப்பைகள் ஆறு, மூன்று ஆண்டுகளின் ஒயின் மாதிரிகள். இளைய ஆண்டை மட்டும் முதலில் ஊற்றுங்கள். நாவற்பழக் கருமை, மூக்கில் பழமும் புது ஓக் மரமும், வாயில் வைத்ததும் ஈறுகளைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு. (அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் தந்த மொழி நம்முடையது, டானின் என்ற சொல்லைத் தேடிப் போகாமலே இதைப் பேசிவிடலாம்.) இப்போது முதிய ஆண்டிலிருந்து ஐந்து மில்லிலிட்டரை எடுத்து அதில் விடுங்கள். நிறம் மாறாது. மணத்தில் மட்டும் தோலின், உலர்ந்த இலையின் சாயல் ஒன்று அடியில் வந்து அமரும். வாயில் நடுப்பகுதி நீளும். முதிய ஒயினில் நிறப்பொருள்களும் டானின்களும் ஏற்கெனவே ஒன்றோடொன்று பிணைந்து, ஒரு பகுதி வண்டலாகப் படிந்தும் விட்டதால், அது சேர்ப்பது துவர்ப்பை அன்று, தணிந்துபோன ஒரு நெகிழ்வை. பத்து மில்லிலிட்டராக்கினால் அந்த நெகிழ்வு இன்னும் துலங்கலாம். இருபதாக்கினால் பல நேரங்களில் பழத்தின் ஒளி திடீரென்று அணைந்துவிடும். பத்திலிருந்து இருபதுக்குள் எங்கே அணைகிறது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் ஒரு முழு நாள் தேவைப்படுகிறது.

சாராய அளவு கணக்குக்குக் கட்டுப்படும்: 14.5 சதவீதம் உள்ளது அறுபது பங்கும் 13.2 சதவீதம் உள்ளது நாற்பது பங்கும் சேர்ந்தால் 13.98. அசிட்டிக் அமிலமும் அப்படியே. பி.எச் இந்தக் கூட்டல் கழித்தலுக்கு உட்படாது. சுவை எந்தக் கணக்குக்கும் உட்படாது. இன்னொன்றும் அனுபவத்தில் தெரிவது: மிக முதியதையும் மிக இளையதையும் மட்டும் சேர்த்தால், ஒரே கோப்பைக்குள் இரண்டு ஒயின்கள் தனித்தனியே பேசிக்கொண்டிருக்கும். இடைப்பட்ட வயதுள்ள ஓராண்டு நடுவில் வந்தால்தான் அவை ஒன்றையொன்று கேட்கத் தொடங்குகின்றன. வேகா சிசிலியாவும் ஜி3யும் மூன்றில் நிற்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பெருமைக்குரிய முதிய ஆண்டைத் தேடுவதில் காட்டும் அக்கறையை, பேர் சொல்லாத இந்த நடு ஆண்டைத் தேர்வதில் பலர் காட்டுவதில்லை.

பழைய ஆண்டை எந்த வடிவில் வைத்திருந்து சேர்ப்பது என்பது செலவையும் ஆபத்தையும் ஒருசேர நிர்ணயிக்கும் கேள்வி. பீப்பாயிலேயே விட்டால் ஆண்டுக்கு இரண்டு முதல் ஐந்து சதவீதம் வரை ஆவியாகும்; விடாமல் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும்; நான்கைந்து ஆண்டுக்குப் பின் பழம் வற்றி மரம் மட்டும் மிஞ்சும் ஆபத்து உண்டு. துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியில் மந்த வாயு போர்த்தி வைத்தால் ஒயின் காக்கப்படும். ஆனால் மெல்ல முதிரும் அந்த நெகிழ்வு வராது. பாட்டிலில் முதிரவைத்து மீண்டும் திறந்து ஊற்றினால் நாம் தேடும் முதிர்ச்சி கிடைக்கும், விலையோ கடுமையானது. ஆயிரம் லிட்டருக்கு 1,334 பாட்டில்களைத் திறக்க வேண்டும். கார்க் கெட்ட பாட்டில் ஒன்று நழுவினால் பழமணம் மழுங்கும் என்பதால், ஒவ்வொன்றையும் ஒருவர் மோந்து பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். வண்டல் கிளறாமல் வடிக்க வேண்டும். வடிக்கும்போது காற்று கலவாமல் இருக்கப் பெறும் தொட்டியை முன்னதாகவே வாயுவால் நிரப்பிவைக்க வேண்டும். எனக்கு ஏற்புடையது இடைவழி: ஒவ்வொரு நல்ல ஆண்டிலும் ஒரு பகுதியை மேக்னம் போன்ற பெரிய பாட்டில்களில், கலவைக்கென்றே ஒதுக்கி வைப்பது. திறக்க வேண்டிய எண்ணிக்கை பாதியாகும். ஒயினும் மெதுவாக, ஒரே சீராக முதிரும். இதற்குப் பத்தாண்டுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்பதுதான் சங்கடம்.

கலந்த பிறகும் சில சிக்கல்கள் தலைதூக்கும். தனித்தனியே நிலைப்பட்டிருந்த இரண்டு ஒயின்கள் சேர்ந்ததும் டார்ட்டாரிக் உப்பு படிகமாக இறங்கலாம். இளைய ஒயினில் மேலிக் அமிலம் லாக்டிக் அமிலமாக மாறி முடியாமல் மிச்சம் இருந்தால், அந்த மாற்றம் பாட்டிலுக்குள் தொடர்ந்து வாயுவை உண்டாக்கும். ஆகவே கலப்பதற்கு முன்னும் பின்னும் ஆய்வகச் சோதனை, பின்னர் பழைய பீப்பாயில் சில மாத ஓய்வு என்பதைச் சுருக்கக்கூடாது. கலந்த மறுவாரம் ஒயின் மணத்தை மூடிக்கொள்வது இயல்பு. அதைப் பார்த்துப் பங்குகளை மாற்றத் துடிப்பவர்கள் பொறுமையிழந்து காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

இவற்றை வைத்துப் பார்க்கும்போது என் தேர்வு இது. ஒரே ஒரு தோட்டத்தின் குரலைக் கேட்கச் செய்வதே ஆலையின் நோக்கமாக இருந்தால், ஓராண்டு ஒயினே சரி. மோசமான ஆண்டில் வெளியிடாமலிருக்கும் துணிவும் அதோடு வேண்டும். பல தோட்டங்களிலிருந்து ஒரு நடையை உருவாக்குவதே அடையாளம் என்று வாழும் ஆலைக்கு, ஆண்டுகளையும் அந்த நடைக்குள் கொண்டுவருவது அடுத்த படிதான். அங்கே தேர்ந்த மூன்று ஆண்டுகளின் ஒருமுறைக் கலவையே ஏற்றது. சேரும் ஆண்டுகளை, விதி இடம்தரும் அளவுக்கு, வாங்குபவருக்கு மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்; ஆண்டு தெரிந்தால்தான் எப்போது திறப்பது என்று அவர் முடிவு செய்ய முடியும். புகை ஏறிய ஆண்டையோ மழையில் நீர்த்த ஆண்டையோ நல்ல ஆண்டுகளுக்கிடையே கரைத்துவிடலாம் என்று தொடங்கும் திட்டத்தைத் தொடக்கத்திலேயே நிறுத்த வேண்டும். அந்த ஒயினுக்கு உரிய இடம் குறைந்த விலைப் பாட்டில்.

கடைசிச் சோதனை ஒன்றை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஓய்வு முடிந்த கலவையையும், அதில் சேர்ந்த ஆண்டுகளில் சிறந்த ஒன்றைத் தனியாகவும், பெயர் தெரியாமல் அடுத்தடுத்துக் கோப்பைகளில் ஊற்றி, கலவையில் கை வைக்காத மூவரிடம் கொடுக்க வேண்டும். அவர்கள் தனி ஆண்டைத் தேர்ந்தெடுத்தால், எஞ்சிய மேக்னம்களைத் திறக்காமல் நிலவறைக்கே திருப்பி அனுப்பிவிட்டு, அந்த ஆண்டை அதன் சொந்தப் பெயரிலேயே பாட்டிலில் அடைத்துவிடலாம்.